கால் மாத்திக் கால்

முதல் மாதிரி மணிக்கட்டில்.
வண்டி நெருங்கினால் துடிக்கும்.
பெரியார் நிலையத்தில் இறங்கி நடந்தேன்,
மேலமாசி வீதி வரும்வரை அது ஓயவில்லை.
ஆட்டோ, ஷேர் ஆட்டோ,
எதிர்த்திசையில் ஏறிவந்த புல்லட்,
வெள்ளரிக்காய்த் தள்ளுவண்டி,
எல்லாவற்றுக்கும் ஒரே பதற்றம்.
நாலாம் நாள் கழற்றி மேசையில் போட்டான்
என் கூட்டாளி ஜெயசிங்.
"மதுரையையே இது
நெஞ்சுவலின்னு நினைக்குதுடா."

இரண்டாவது இடுப்பில்.
சேலைக்குள் மறைந்துகொண்டது.
மூன்றாவது தோளில், ஒளிரும் பட்டை.
துப்பட்டா அதன்மேல் விழுந்தது.
கணினித் திரையில் நாங்கள் நடக்கவிட்ட மனிதன்
பேன்ட் போட்டிருந்தான்.
கையில் தூக்குவாளி இல்லை,
இடுப்பில் பிள்ளை இல்லை,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் இல்லை.

கப்பலூர், இரவு பத்தேகால்.
சாக்குக் கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரம்.
நால்வழிச் சாலைக்கு அந்தப்பக்கம் பஸ் நிறுத்தம்,
நடுவே செவ்வரளி வரிசை.
அரளிக்குள் ஓர் ஆள் நுழையும் இடைவெளி,
நடந்து நடந்தே விழுந்தது,
எந்த வரைபடத்திலும் கிடையாது.

விருமாயி மணிக்கட்டில் கட்டிப் பார்த்தாள்.
துடித்தது. சிரித்தாள்.
"வண்டி வர்றது எனக்குத் தெரியாதா?
பதினாலு வருசமா தாண்டுறேன்.
டயர் சத்தத்துலயே சொல்லுவேன்
லோடா, காலியான்னு.
நான் வர்றது அவனுக்குத் தெரியணும்ல.
அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

ஒன்றும் வைத்திருக்கவில்லை.

மறுநாள் இரவு
விருதுநகர்ப் பக்கம் போன காலி லாரியில் ஏறினேன்.
கண்ணாடிக்கு வெளியே எதிர்வெளிச்சம்,
அதற்குப் பின்னால் மொத்தமாய் இருட்டு.
இருட்டில் ஒரு துண்டு திடீரென மனிதராகி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது.
ஓட்டுநர் இருளாண்டி பிரேக்கை மிதித்த பிறகுதான்
எனக்கு அந்த முதுகு தெரிந்தது.

"சட்டை மினுங்குனா போர்டுன்னு நினைப்போம் சார்.
இல்ல, ரோட்டு வேலைக்கு வச்ச டிரம்மு.
அசையுற தினுசு தெரியணும்.
கால் மாத்திக் கால் போகுதுன்னா
ஆளு."

அன்றைக்கு நோட்டில்
அந்த மூன்று சொல் மட்டும் எழுதினேன்.

கணுக்காலுக்கு இறங்கியது விளக்கு.
கொலுசு அகலம், மஞ்சள் ஒளி,
குதிகால் அழுத்தத்தில் பிறக்கும் மின்சாரம்.
நின்றால் அணையும்.
நடந்தால் எரியும்.
ஜெயசிங் மொட்டைமாடியில் நடந்து காட்ட
நான் தெருமுனையில் நின்று பார்த்தேன்,
ஆள் இல்லை, நடை மட்டும் வந்தது.
அன்றிரவு இரண்டு பேரும்
சிம்மக்கல்லில் கறிதோசை சாப்பிட்டோம்,
ஜெயித்துவிட்ட மாதிரி.

சகாயமேரி அதை ஒரு வாரத்தில்
பாலிதீன் பையில் போட்டுத் திருப்பித் தந்தாள்.
"லாரிக்காரன் பாக்கட்டும்னு குடுத்தீங்க.
கம்பெனி கேட்ல இருந்து ரோடு வரைக்கும்
பைக்ல பின்னாடியே வர்றவனும் பாக்குறான்."

பரிசோதனைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், குறுக்காக எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு சுவிட்ச்.
குதிகாலை இரண்டுமுறை தட்டினால் விழிக்கும்,
இன்னொருமுறை இரண்டு தட்டினால் உறங்கும்.
சின்ன வேலைதான்.
ஐந்து மாதம் ஆனது.

நேற்று பத்தேகாலுக்கு
சாலை விளிம்பில் நான்கு பேர்,
இருட்டில் நின்றார்கள்.
டப் டப்.
எட்டுக் கணுக்காலில் ஏழு எரிந்தன.
பரக்கத் நிஷாவின் வலதில் சேறு.
வந்த லாரி ஒன்று விளக்கைத் தாழ்த்தி மெதுவானது.
அடுத்த கார் ஹாரன் அடித்துப் பறந்தது.
காத்திருந்தார்கள்.
பின் அரளிக்குள் நுழைந்து
அந்தப்பக்கம் இறங்கினார்கள்,
மஞ்சள் புள்ளிகள் முன்பின்னாக, முன்பின்னாக.
ஏறியதும் ஒவ்வொன்றாய் அணைந்தன.

விருமாயி அங்கிருந்து கத்தினாள்:
"தம்பி! இடது கால் வாரு அறுந்துபோச்சு!
நாளைக்கு வேற கொண்டாங்க!"

சரியென்று கையை உயர்த்தி ஆட்டினேன்.
இருட்டில் நின்றது நான்.
தெரிந்திருக்காது.